மூன்றாவது யன்னல்

மதிப்பீட்டாளர் ஐயா எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டைப் படமாகக் கீறிய கட்டத்தாள் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பதினொரு வருடம் வாடகைக்கு இருந்த வீடு. விற்கப்போவதாகச் சொன்ன உரிமையாளர், மாத முடிவுவரை எங்களுக்குத் தவணை தந்திருந்தார். அரசின் வீட்டுக்கடன் கிடைத்தால் வீடு எங்களுடையது. இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு. கடனுக்கு மதிப்பீட்டறிக்கை வேண்டும், அறிக்கைக்கு வீட்டின் வரைபடம் வேண்டும்.

என் பயமெல்லாம் மாடியில் இருந்த ஓர் அறையைப் பற்றியது. அறை எங்கள் வீட்டைச் சேர்ந்தது. அதற்கு ஏறும் படியோ பக்கத்து வீட்டு அன்ரி சமைக்கிற குசினிக்குள். வீடுகளை ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்தக் குறுகிய ஒழுங்கையில் இது அதிசயமல்ல. அன்ரி அதில் பழைய சாமான் போட்டுப் பூட்டியிருந்தார். அதிகாரி கண்டால் கடனே இல்லை என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டு, அந்தப் படி அவர் கண்ணில் படாதபடி, அன்ரியை அந்த வாரம் தூரத்து மடுமாதா கோயிலுக்கு யாத்திரை அனுப்பிவைத்தேன். பஸ்சுக்கு இடம்கூட நான்தான் பிடித்துக் கொடுத்தேன். அவர் தன் வீட்டைப் பூட்டி, சாவிக்கொத்தோடு போனார். என்னைவிடக் கெட்டிக்காரன் கொழும்பில் இல்லை என்று நினைத்தேன்.

ஐயா கிருலப்பனைக்காரர், ஒல்லி, லேசில் சிரிக்காதவர். அளவு நாடாவின் மறுமுனையை நான் பிடித்தேன். பயம் வந்தால் எனக்குப் பகிடி வரும். "இந்தக் குளியலறைக்குள்ள திரும்பிறதெண்டா வெளிய வந்துதான் திரும்போணும் ஐயா" என்றேன். மனைவி காதோடு, "வாயை மூடிக்கொண்டு நாடாவைப் பிடியுங்கோ" என்றாள். சுவர் சுவராக அளந்து கீறி முடித்தவர், முன்பக்கத்தைப் படமெடுக்கத் தெருவுக்கு இறங்கினார். வீட்டை வெளியிலிருந்தும் பார்ப்பார்கள் என்பது என் திட்டத்தில் இருக்கவில்லை.

"தம்பி, மேல மூண்டு யன்னல் இருக்கு. உள்ள ரெண்டுதான் பார்த்தனான்."

"அது காத்துக்கு ஐயா."

அவர் விரலை நீட்டி மூன்றையும் மறுபடி எண்ணினார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"இதை ஏன் ஒளிச்சனீங்கள்? காட்டியிருந்தா, உள்வழி இல்லையெண்டு புள்ளிக்கோடு போட்டுப் பரப்பில சேர்க்காம விட்டிருப்பன். கடன் கொஞ்சம் குறைஞ்சிருக்கும், அவ்வளவுதான். பார்க்காத அறையை எப்பிடிக் கீறுறது? சாவி எங்க?"

"மடுவில."

வரைபடம் முழுமையாக இல்லாமல் அறிக்கை போகாதாம். வேறு வீடுகள் வரிசையில் இருந்ததால், மறுபடி வர அவர் தந்த திகதி மாத முடிவைத் தாண்டியிருந்தது. கெஞ்சினேன். "எனக்கு விளங்குது தம்பி" என்றார். உண்மையாகவே விளங்கியிருந்தது, ஆனாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மூன்றாம் நாள் அன்ரி நொண்டிக்கொண்டு வந்தார். "உங்கட கடன் சரிவரோணுமெண்டு முழங்காலில நடந்தனான் மகன். சரிவந்திட்டுதோ?" எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை.

இப்போது வெள்ளவத்தையில் வாடகைக்கு இருக்கிறோம். மின்சார வாசிப்பெடுக்க வருகிறவருக்கும், கேட்காமலே எல்லா அறையையும் திறந்து காட்டுகிறேன். "அவருக்கு மீற்றர் மட்டும் போதுமப்பா" என்கிறாள் மனைவி.