கயிற்றை இழுத்தது நான்

எனக்கு எழுத்து நேராக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், மறதியும் கூட. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவிஸில், ஷ்லீரன் ஊரில் என் மகள் சுதா பாகங்கள் வாங்கித் தானே பூட்டிய காருக்கு மேடு ஏற வலுவில்லை.

"உமக்கேன் உந்த வேலை? கராஜ்காரனிட்டை விடும்," என்றார் மருமகன்.

"அவன் கேக்கிற காசுக்கு இன்னொரு கார் பூட்டுவன்," என்று சுதா கார்புரேட்டரைக் கழற்றிப் பெற்றோலில் கழுவினாள்.

அந்த மணத்தில் எனக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது. ஊரில் ஐயா, என் அப்பா, காய்ச்சலில் கிடந்தார். வெங்காயத் தோட்டத்து இறைப்பு மிசின் இருமி இருமி நூல்போலத் தண்ணீர் தந்தது.

"பெட்டையள் தொட்டால் மிசின் ஓடுமோ?" என்று பெரியப்பா வரம்பில் நின்று சிரித்தார்.

அம்மா பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டி, அடுப்பில் காட்டிச் சூடாக்கினார். கிளப்புவதற்குக் கொஞ்சம் பெற்றோல், பிறகு மண்ணெண்ணெய், அதுதான் வழக்கம். நான் கயிற்றைச் சுற்றி இழுத்தேன். மூன்றாம் இழுவையில் மிசின் பிடித்தது. வாய்க்கால் பொங்கிப் பெரியப்பாவின் வேட்டி நனைந்தது.

"தம்பி முதலே திருத்தி வைச்சிருப்பான்," என்று ஐயாவுக்கே பேரைக் கொடுத்தார். அன்று நான் வாய் திறக்கவில்லை.

இன்று மருமகனிடம் திறந்தேன். "தம்பி, அவள் பூட்டட்டும். நீங்கள் தள்ளி நில்லுங்கோ."

கார் மேடு ஏறாவிட்டால் நாளைக்கும் கழற்றுவாள்.

சுரண்டியது முதலோ, சூடாக்கியது முதலோ, தெரிந்தவர்கள் சரிபாருங்கள். கயிற்றை இழுத்தது நான்தான். அதைத் திருத்த வேண்டாம்.