அழுகைக் கேம்

விளையாட்டுப் பெட்டி சூடேறத் தொடங்கினால் அதன் முதுகிலுள்ள சிறு துளைகளிலிருந்து கருகிய தூசியின் மணம் வரும். டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டுக் கம்பளத்தில் வருடக்கணக்காக ஊறிக்கிடந்த பொரித்த மிளகாயின் மணமும் அதோடு சேர்ந்துகொள்ள, தொலைக்காட்சிக்கு ஒரு முழ தூரத்தில் சப்பாணி கட்டிக்கொண்டு பன்னிரண்டு வயதில் நான் உட்கார்ந்திருந்த இருப்பை யப்பானியர்கள் பார்த்திருந்தால் எனக்கு ஏதாவது விருது தந்திருப்பார்கள். டென்மார்க்கிலேயே அவர்களுடைய அந்த விளையாட்டுத் தொடரை மதித்து விளையாடிய ஒரே மனிதன் நான்தான் என்று அப்போது நம்பினேன். இப்போதும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. உடம்பு மட்டும் கூடியிருக்கிறது.

அப்பா அந்த விளையாட்டைப் பக்கத்து நகரமான ஹேர்னிங்கில் ஒரு கடையின் தள்ளுபடிக் கூடையிலிருந்து எடுத்து வந்தார். யாருமே வாங்காததால்தான் அது கூடைக்குள் விழுந்தது என்பது அவருக்குத் தெரியாது. "பெட்டி பாரமாக் கிடக்கு, உள்ளுக்கு ரெண்டு தட்டு, கனநாளைக்குக் காணும்" என்று சொன்னார். பின்னாளில் நான் வாசித்த விமர்சனங்கள் எல்லாவற்றிலும் அதுவே நேர்மையானது. ஆற்றங்கரைக் கிராமமொன்றின் வீரனாக நாமே மாறி, கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, நீண்ட கதையொன்றை வாழ்ந்து முடிக்க வேண்டிய விளையாட்டு அது. கிராமத்தில் இருபத்துமூன்று வீடுகள். ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் வீரன் ஊருக்குத் திரும்பி, இருபத்துமூன்று கதவையும் தட்டி, உள்ளே போய், நடந்ததைச் சொல்லி, அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். ஒரு வீட்டை விட்டுவிட்டால் அந்தச் சன்னலில் விளக்கு அணைந்துவிடும். கடைசிப் போருக்கு அந்த வீட்டார் வரமாட்டார்கள். கூட்டாளி யாராவது இறந்தால் இறந்ததுதான். படகோட்டிக் கிழவர் இறக்கும் காட்சி பதினொரு நிமிடம் ஓடும். எல்லோரும் அழுவார்கள், குதிரைகூட அழும். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அந்தக் காட்சியை நிறுத்தவும் முடியாது, தாண்டவும் முடியாது. அம்மா அதற்கு "அழுகைக் கேம்" என்று பெயர் வைத்தார். "உன்ர அழுகைக் கேமை நிப்பாட்டிப்போட்டுச் சாப்பிட வா" என்பதுதான் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மணி.

அது ஊரில் போர் முடிந்த வருடம். அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா, வன்னிக்குள் அகப்பட்டிருந்தார். தைப்பொங்கல் முடிந்து சில நாள் கழித்து ஒரு பின்னேரம், எங்கோ ஒரு தொலைபேசி கிடைத்து அவர் எங்களுக்கு எடுத்தார். அம்மா கத்திக் கத்திக் கதைத்துவிட்டு, "எடேய் ஓடியா, மாமா உன்னைக் கேக்கிறார்" என்று என்னைக் கூப்பிட்டார். நான் அப்போதுதான் முதன்முதலாகப் படகோட்டிக் கிழவரின் சாவுக்கு வந்து சேர்ந்திருந்தேன். கண்ணில் நீர் வழிய, திரையை விட்டுத் தலையைத் திருப்பாமல், "பிறகு கதைக்கிறன் எண்டு சொல்லுங்கோ" என்றேன். வர்ணம் பூசிய ஒரு கிழவருக்காக அழுதுகொண்டிருந்ததால் உயிரோடிருந்த மாமாவோடு கதைக்க எனக்கு நேரமில்லை. அதன் பிறகு மாமாவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அன்றிலிருந்து எனக்குள்ளே ஓர் ஒப்பந்தம். ஒரு விளக்கையும் அணையவிடாமல் விளையாடி முடித்தால் மாமாவின் அழைப்பு வரும். யாரோடு அந்த ஒப்பந்தத்தைப் போட்டேன் என்று தெரியாது, யப்பானியரோடாக இருக்கலாம். வீட்டில் இருந்ததோ ஒரே தொலைக்காட்சி. அதில் நாள் முழுக்கத் தமிழ்ச் செய்தி ஓடிக்கொண்டிருக்க, அம்மா குளிக்கப் போகும் கால் மணித்தியாலத்திலும் அப்பா முறைவேலைக்குப் புறப்படும் பரபரப்பிலும் நான் கம்பியை மாற்றிச் செருகி, இரண்டு வீடு, மூன்று வீடு என்று கதவு தட்டினேன். "அங்கை சனம் சாகுது, இவன் கதவு தட்டித் திரியிறான்" என்று அப்பா பல்லைக் கடிப்பார். நான் ஏன் தட்டுகிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார் என்று பயம். சிரிக்காமல் விட்டுவிடுவார் என்று அதைவிடப் பயம்.

அந்த நாட்களில்தான் பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு டேனிஷ் விளையாட்டு இதழைப் பார்த்தேன். என் விளையாட்டுக்கு இரண்டே நட்சத்திரம். 'அளவுக்கு மீறிய பேச்சு, அளவுக்கு மீறிய கண்ணீர். நம்மவர்களுக்கு இதற்கெல்லாம் பொறுமை கிடையாது.' கோபத்தில் என் காது சூடாகியது. உன் பொறுமைக்கு யார் அளவு வைத்தது? ஐந்து நிமிடத்தில் ஐம்பது பேரைச் சுட்டுத் தள்ளும் விளையாட்டுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டு, ஒருவனைப் புதைக்க எடுக்கும் பதினொரு நிமிடம் அளவுக்கு மீறியது என்கிறாயா? மூன்று பக்கத்தில் பதில் எழுதினேன். கீழே 'ஒரு யப்பானியர்' என்று கையெழுத்தும் வைத்தேன். எங்கள் தெருவில் யப்பானியருக்குக் கிட்ட நின்ற ஆள் நான்தான். முத்திரை எங்கே வாங்குவதென்று தெரியாததால் அந்த இதழ் தப்பியது.

என் வகுப்புத் தோழன் மாட்ஸ் ஒருநாள் விளையாட வந்தான். அதற்கே இரண்டு கிழமைக்கு முன்னால் "அவ்தேல" போட வேண்டியிருந்தது. டேனிஷ்காரர் வீட்டுக்கு யாரும் நாளும் நேரமும் பேசி வைக்காமல் போவதில்லை. அந்தப் பேச்சுக்குத்தான் அவ்தேல என்று பெயர். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல் பல் வைத்தியரிடம் போவதற்கு மட்டுமே தேவைப்பட்டது. ஞாயிறு பின்னேரமானால் அப்பா எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு இக்காஸ்டிலிருந்த தமிழ் வீடுகளை ஒவ்வொன்றாகச் சுற்றுவார். கதவு திறந்ததும் "சும்மா வந்தனாங்கள்" என்பார். அதற்குள் தேத்தண்ணி அடுப்பில் ஏறிவிடும். ஒரே செய்தியை ஏழு வீட்டில் ஏழு தரம் சொல்லுவார், ஏழு தரமும் புதிதாகக் கேட்பதுபோல நாங்கள் தலையாட்டுவோம். மாட்ஸ் என் கிராமத்தில் மூன்று வீட்டுக்குள் போனான். நாலாவது வாசலில், வீரனை நடத்தும் பொத்தான் கட்டையைக் கீழே வைத்தான்.

"இதே கதையை எல்லா வீட்டிலும் போய்ச் சொல்ல வேண்டுமா? எல்லோரையும் ஒரே இடத்தில் கூப்பிட்டுச் சொன்னால் என்ன?"

"வீட்டுக்குப் போய்த்தான் சொல்ல வேணும்."

"ஏன்?"

நான் கட்டையை வாங்கி மிச்சக் கதவுகளைத் தட்டினேன். படகோட்டியின் சாவு வந்தபோது அவன் மரியாதையாக நாலு நிமிடம் பொறுத்துவிட்டு, "ஸ்ப்ரிங் ஓவர்?" என்று கேட்டான். தாண்டிவிடலாமா என்று அர்த்தம். மேற்கில் இந்தத் தொடர் ஏன் எடுபடவில்லை என்பதற்குச் சண்டை மெதுவானது, தலைமயிர் விசித்திரமானது என்று அறிஞர்கள் ஆயிரம் காரணம் எழுதுகிறார்கள். நான் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டேன். இவர்களுக்குக் கதவு தட்டவும் தெரியாது, ஒருவர் அழுது முடியும்வரை பக்கத்தில் இருக்கவும் தெரியாது. வேறொரு காரணமும் இல்லை.

இதையே வகுப்பில் பத்து நிமிடம் பேசுவதென்று முடிவெடுத்தேன். அம்மா, "வன்னியைப் பற்றிச் சொல்லன்ரா, அந்தப் பிள்ளையளுக்காவது தெரியட்டும்" என்று கேட்டார். டேனிஷ் செய்தியில் வன்னி காலநிலைக்கு முன்னால் அரை நிமிடம் வந்துபோனது, அதுவும் எல்லா நாளும் அல்ல. அரை நிமிடத்தைத் தாங்காதவர்களுக்கு நான் எதைச் சொல்ல? விளையாட்டையே கொண்டுபோனேன். பெரிய தொலைக்காட்சியைத் தள்ளிக்கொண்டு வந்து படகோட்டியின் சாவைப் போட்டேன். இரண்டாவது நிமிடத்தில் குதிரை அழுதது, வகுப்புச் சிரித்தது. பின்வரிசையிலிருந்து "ஸ்ப்ரிங் ஓவர்!" என்று ஒரு குரல், பிறகு பல குரல். ஆசிரியை நல்ல மனுசிதான். அவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "இதில் நிறுத்திக்கொள்வோம், என்ன நடக்கிறதென்று எங்களுக்கு விளங்கிவிட்டது" என்றார்.

விளங்கிவிட்டதாம்! நான் பாய்ந்துபோய்த் தொலைக்காட்சிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று, "இல்லை! முழுக்கப் பார்க்க வேண்டும்! எல்லோரும் பார்க்க வேண்டும்!" என்று டேனிஷில் கத்தினேன். அப்போதே நான் அகலமான பிள்ளை. எனக்குப் பின்னால் கிழவரும் படகும் குதிரையும் முழுதாக மறைந்துபோக, பார்க்கச் சொல்லிக் கத்தியவனே பார்க்க விடாமல் நின்றுகொண்டிருந்தேன் என்பது எனக்கு உறைக்கக் கனநேரம் பிடித்தது. ஆசிரியை பக்கத்தில் வந்து, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று மெதுவாகக் கேட்டார். "இல்லை, இது கேமைப் பற்றி" என்றேன். பெற்றோரோடு கதைக்க அவ்தேல போட்டார், மூன்று கிழமைக்குப் பிறகு. அந்த நாள் வருவதற்குள் போர் முடிந்துவிட்டது.

அந்தக் கிழமைதான் நானும் விளையாடி முடித்தேன். இருபத்துமூன்று சன்னலிலும் விளக்கு எரிந்தது, ஒன்றும் அணையவில்லை. கொஞ்ச நாள் கழித்து ஊரிலிருந்து அழைப்பும் வந்தது. எடுத்தவர் மாமாவோடு கடைசிவரை கூட நடந்த ஒருவர், முகாமிலிருந்து. மாமா முகாமுக்கு வந்து சேரவில்லை. நான் விளையாட்டுத் தட்டு இரண்டையும் பல்கனியிலிருந்து எறிந்தேன். ஒன்று கீழ்வீட்டுப் பூச்சாடியில் பாதுகாப்பாகப் போய் விழுந்தது. அழிப்பதிலும் எனக்குக் கைராசி கிடையாது.

பிறகு சனம் வரத் தொடங்கியது. அவ்தேல இல்லாமல், இக்காஸ்ட் முழுக்க. படிக்கட்டு நெடுகச் சப்பாத்துகள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் "கடைசியா எப்ப கதைச்சவர்?" என்று கேட்டார்கள். அம்மா ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார், ஒரு சொல்லும் குறைக்காமல்.

"பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் பின்னேரம் எடுத்தவன். லைன் சரியில்லை. 'மருமோனைக் குடுங்கோ அக்கா' எண்டான். இவன் கேமில நிண்டவன், வரேல்லை. 'விளையாடட்டும் அக்கா, குழப்பாதேங்கோ' எண்டு சொல்லிப்போட்டு வைச்சவன். அதுதான் கடைசி."

குரலில் என்மேல் ஒரு குற்றச்சாட்டும் கிடையாது. அதுதான் கொடுமை. "கேமில நிண்டவன்" என்ற இடம் வரும்போது வந்தவர் என்னை ஒருதரம் திரும்பிப் பார்ப்பார். முதல் நாளே நான் எழுந்து அறைக்குள் போகப் பார்த்தேன். அப்பா என் தோளில் கையை வைத்து, "இரு. சனம் வந்திருக்கு" என்றார். இருந்தேன். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். எத்தனை பேர், எத்தனை தரம்! பற்களைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு தரமும் அந்த வரிக்காகக் காத்திருந்தபோது, வகுப்பில் கேட்ட அதே சொல் என் தொண்டைக்குள் கிடந்து துடித்தது. ஸ்ப்ரிங் ஓவர், அம்மா, ஸ்ப்ரிங் ஓவர்.

ஒரு பின்னேரம் மாட்ஸும் வந்தான், சொல்லிக்கொள்ளாமல், கையில் அவனுடைய தாய் சுட்ட கேக்கோடும் பூச்சாடியில் விழுந்த தட்டோடும். அம்மா அவனுக்கும் தன்னுடைய உடைந்த டேனிஷில் முதலிலிருந்து சொன்னார். இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. அவன் கடைசிவரை அசையாமல் இருந்து கேட்டான். போகும்போது படிக்கட்டில் தன் சப்பாத்தைத் தேட அரை மணித்தியாலம். என் கண்டுபிடிப்புக்கு அவன் இப்படித் துரோகம் செய்ததை நான் கனநாள் மன்னிக்கவில்லை.

இப்போது வைலே என்ற வேறொரு நகரில் குடும்பத்தோடு இருக்கிறேன். அந்தத் தொடரின் புதிய பாகம் வந்திருக்கிறது. 'கடைசியில் நம்மவர்களுக்கும் பிடித்தமாதிரி' என்று டேனிஷ் இதழ்களில் ஒரே புகழ்ச்சி. வாங்கிப் பார்த்தேன். இருபத்துமூன்று வீடும் இருக்கின்றன, போகத் தேவையில்லை. ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லா வீட்டுக்கும் ஒரே செய்தி போய்விடுகிறது. சாவு வந்தால் திரையின் மூலையில் 'தாண்ட, அமுக்கிப் பிடிக்கவும்' என்று எழுத்து மின்னுகிறது. படுபாவிகளா, இதற்காகவா உங்களுக்காக வகுப்பில் மானத்தை விட்டேன் என்று யப்பானியரைத் திட்டினேன். திட்டிய வாய்க்கு யோக்கியதை இல்லை. இக்காஸ்டில் ஞாயிறு கார்கள் ஓய்ந்து வெகுகாலமாகிறது. போன மாதம் அப்பாவின் பழைய சிநேகிதர் ஒருவர் போய்ச் சேர்ந்த செய்தி தொலைபேசிக் குழுவில் வந்தது. எல்லோரும் கூப்பிய கைப்படம் போட்டார்கள். நானும் போட்டேன். இரண்டு போட்டேன், அக்கறையைக் காட்ட.

சென்ற ஞாயிறு அம்மா தொலைபேசி எடுத்தார். "பிள்ளை என்ன செய்யுது?" என்று பேத்தியைப் பற்றிக் கேட்டார். மகள் என் பழைய இருப்பில், திரைக்கு ஒரு முழ தூரத்தில், கையில் கட்டையோடு. "விளையாடுறா அம்மா" என்றேன்.

"விளையாடட்டும், குழப்பாதை" என்றார் அம்மா.

நான் மகளைக் கூப்பிட்டேன். அவள் திரும்பாமல், இரண்டே நிமிடம் அப்பா என்று டேனிஷில் சொன்னாள். தொலைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, போய்த் தொலைக்காட்சிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றேன். இப்போது இன்னும் அகலம். ஒரு மூலைகூடத் தெரியாது. இந்தமுறை மறைக்கத்தான் நின்றேன்.