பத்துக்கு ஆறு

முப்பத்து நான்கு வருஷம் நான் தமிழ் வாத்தியாராக இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே பள்ளிக்கூடம், கடைசி வரை ஒரே மேசை. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கலாம், தமிழில் வாங்க முடியாது என்பது அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். என்னிடம் வாங்கவே முடியாது என்பதும் தெரியும். பத்து மதிப்பெண் கட்டுரைக்கு ஐந்து போட்டால் பையன் தேறிவிட்டான் என்று அர்த்தம். ஆறு போட்டால் முதல் வகுப்பு. ஏழு போட்ட தாளை ஆசிரியர் அறையில் மற்றவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன். எட்டு போட்டதாக நினைவில்லை. "கொஞ்சம் பாத்துப் போடுங்கய்யா" என்று பின்னாலேயே வருகிறவனுக்கு அரை மதிப்பெண் கூட்டுவேன், அதற்கு மேல் கை வராது. இதையெல்லாம் இப்போது சொல்ல வேண்டியிருப்பது ஒரு செல்போனால்.

என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் அழவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பும்போது, மனுசன் இடிச்சபுளி மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்று உறவுக்காரர் ஒருவர் வாசலில் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் சொன்னது சரிதான். காலையில் எழுந்தேன், பால் வாங்கினேன், மெஸ்ஸிலிருந்து எடுப்புச் சாப்பாடு வந்தது, சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று கேட்டால் கேரியரைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். துக்கம் வரும் வரும் என்று சொன்னார்கள். நானும் பஸ்ஸுக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தேன். வரவில்லை.

என் மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். சாயங்காலம் ஆறரை மணிக்கு வீடியோவில் கூப்பிடுவாள். பழைய போனில் அவள் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும், குரல் ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் போகும். புது போன் வாங்கச் சொல்லித் தினமும் நச்சரித்தாள். மறுத்துப் பேசுவதற்கும் தெம்பு வேண்டியிருந்ததால் சரி என்றேன்.

எங்கள் ஊரிலேயே போன் கடைகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் என்னிடம் படித்தவன் எவனாவது நிற்பான். எழுந்து, அம்மா தவறிப்போனதைக் கேள்விப்பட்டோம் என்பான். அதற்கு நான் ஒரு முகம் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த முகம் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறி, பஞ்சு மார்க்கெட்டில் இறங்கி, என்னை யாருக்கும் தெரியாத ஒரு கடைக்குள் போனேன்.

கம்பெனி பெயர் போட்ட டீசர்ட்டும் சுடிதார் பேண்ட்டுமாக ஒரு பெண் நின்றாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். மம்சாபுரத்திலிருந்து தினமும் வந்து போகிறாள். பில்லில் என் பெயரை அவள் எழுதிய விதத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனதை நான் சுட்டிக்காட்டியதும், "தமிழய்யாவா?" என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு 'சார்' என்பதை விட்டு அய்யா என்றே கூப்பிட்டாள். ஒன்றரை மணி நேரம் என்னோடு உட்கார்ந்தாள். எழுத்தைப் பெரிதாக்கினாள். போன் முழுக்கத் தமிழில் வரும்படி மாற்றினாள். பழைய போனில் இருந்த நம்பர்களைப் புதியதில் ஏற்றிவிட்டு, எல்லாம் வந்துவிட்டதா என்று ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டினாள்.

"இதுல 'வீடு'ன்னு ஒரு நம்பர் இருக்குங்கய்யா. இதுக்குத்தான் நிறைய பேசிருக்கீக. தொட்டாப் போற மாதிரி முன்னாடி வைக்கவா?"

அது என் மனைவியின் நம்பர். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று சொல்ல வேண்டும். வைம்மா என்றேன். திரையின் நடுவில் ஒரு பச்சை வட்டத்துக்குள் 'வீடு' வந்து உட்கார்ந்தது. அந்தப் போன் எங்கள் பீரோவில், அவள் சேலைகளுக்கு அடியில் அணைந்து கிடந்தது.

பேச்சோடு பேச்சாகத் தன் விஷயமும் சொன்னாள். ஒரு வருஷமாகத் தற்காலிகமாகத்தான் இருக்கிறாளாம். இந்த மாதம் நல்லபடியாகத் தாண்டினால் கம்பெனியில் நிரந்தரமாக்குவார்கள். நிரந்தரமானால் பிளஸ் டூ முடித்த தங்கையைக் காலேஜில் சேர்த்துவிடலாம். இல்லையென்றால் தங்கை மில்லுக்குப் போக வேண்டியதுதான். கிளம்பும்போது கதவு வரை வந்தாள். ஒரு வாரத்தில் கம்பெனியிலிருந்து கூப்பிட்டுப் பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள் என்றாள். அதற்கு மேல் சொல்லத் தயங்கி, டீசர்ட் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டு, "கொஞ்சம் பாத்துப் போடுங்கய்யா" என்றாள். எனக்குப் பழகிய வார்த்தை. சரிம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எட்டாம் நாள் மத்தியானம் சாப்பாட்டில் கை வைத்திருந்தபோது அந்த அழைப்பு வந்தது. செய்தி வாசிப்பது போல ஒரு பெண் குரல். புதிய கைபேசியில் எனக்கு எவ்வளவு திருப்தி, ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்ல வேண்டும். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. இடது கையில் போனைப் பிடித்தபடி யோசித்தேன். படம் தெளிவு. ஒலி நன்று. ஆனால் அதில் வருகிற தமிழ், தமிழே இல்லை. சந்தி இல்லை, ஒருமை பன்மை இல்லை. ஐந்துதான் தேறும். கடைப் பெண் கதவருகே நின்றது நினைவுக்கு வந்தது. ஒன்று கூட்டி ஆறு என்றேன். அடுத்து, விற்பனைப் பிரதிநிதியின் சேவைக்கு எத்தனை என்று கேட்டாள். அதற்கு யோசிக்கவே இல்லை. ஏழு என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

தட்டைக் கழுவும்போது மனதுக்கு லேசாக இருந்தது. எட்டு மாதத்தில் அப்படி இருந்தது அதுதான் முதல் தடவை.

ஐந்தாறு வாரம் கழித்துப் போன் என் கையிலிருந்து விழுந்து, மேலே ஒட்டியிருந்த கண்ணாடித் தாள் விரிசல் விட்டது. மறுபடி ராஜபாளையம் போனேன். அந்தப் பெண் இல்லை. அதே டீசர்ட்டில் வேறொருவர் நின்றார். அவள் எங்கே என்று கேட்டேன். பில்லை வாங்கிப் பெயரைப் பார்த்தவர், என் முகத்தையும் பார்த்தார். "நீங்கதானா சார் அது" என்றார்.

பிறகு அவரே விளக்கினார். கம்பெனிக்கு ஒன்பதும் பத்தும்தான் கணக்கு. எட்டும் அதற்குக் கீழேயும் புகார் மாதிரி. அந்த மாதத்தில் அவள் பெயரில் எல்லாம் பத்தாக இருந்து, ஒன்றில் மட்டும் ஆறும் ஏழும் விழுந்திருக்கிறது. நிரந்தரம் ஆகவில்லை, தற்காலிகத்தையும் நீட்டிக்கவில்லை. இப்போது எங்கள் ஊரிலேயே, கோர்ட்டுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். அவளுடன் ஏதாவது சண்டையா சார் என்று கேட்டார். நான் முதல் வகுப்பு போட்டேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஏதாவது வரும் என்று நின்றேன். வெட்கமோ துக்கமோ எதுவோ ஒன்று. வரவில்லை. அவர் புதுத் தாளை ஒட்டினார். குமிழ் விழாமல் ஒட்டினார், அதைக்கூடக் கவனித்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்துவிட்டு, உட்கார இடம் கிடைத்ததே என்று இருந்தவன் நான்.

வீட்டுக்கு வந்து அந்தக் கம்பெனி நம்பருக்குக் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று அரை மணி நேரம் போன பிறகு ஓர் ஆள் கிடைத்தார். என் மதிப்பெண்ணை மாற்ற வேண்டும் என்றேன். பதிவானது பதிவானதுதான் என்றார். அரசுத் தேர்விலேயே மறுகூட்டல் உண்டு, மறுமதிப்பீடு உண்டு, போட்டவனே தப்பு என்று சொல்லும்போது மாற்றக்கூடாதா என்று கேட்டேன். அப்படி ஒரு வசதி இல்லை என்று பணிவாகச் சொன்னார். கடைசியில், தன்னோடு பேசியது எனக்குத் திருப்தியாக இருந்ததா, பத்துக்கு எத்தனை என்று கேட்டார்.

பத்து என்றேன். வாழ்க்கையில் நான் போட்ட முதல் பத்து அதுதான். எனக்கு ஒரு காரியமும் ஆகவில்லை. அவருக்காவது வேலை இருக்கட்டும்.

ஜெராக்ஸ் கடைக்குப் போக நான்கு நாள் பிடித்தது. வெறும் கையோடு போய் நிற்கத் துணிவில்லை. தபால் ஆபீஸ் வேலைக்காக மனைவியின் இறப்புச் சான்றிதழ் நகல் எடுக்க வேண்டியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு போனேன். கோர்ட் வேலை நாள், வக்கீல் குமாஸ்தாக்கள் கட்டுக் கட்டாகத் தாள் நீட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் அவள் என்னைப் பார்த்து, "வாங்கய்யா" என்றாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. நான் கோபத்துக்குத் தயாராகப் போயிருந்தேன்.

சான்றிதழைக் கண்ணாடி மேல் கவிழ்க்கப் போனவள் நிறுத்தினாள். கணவர் பெயர் இருந்த இடத்தைப் படித்தாள். தேதியைப் படித்தாள்.

"அய்யா, போன்ல 'வீடு'ன்னு இருந்துச்சே. அது இவுகளா?"

ஆமாம்மா என்றேன். தெரியாமல் முன்னால் வேறு வைத்துக் கொடுத்துவிட்டேனே என்று தலையைக் குனிந்துகொண்டாள். நகல் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. என் மனைவியின் பெயர் ஐந்து தடவை வந்து விழுந்தது. அவற்றை அவள் தட்டிச் சீராக்கிக்கொண்டிருந்தபோதுதான் நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். நான் குறைத்துப் போடவில்லை, என் கணக்கில் அது நல்ல மதிப்பெண், ஏழு நான் யாருக்கும் எளிதில் போட்டதில்லை என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமான பேச்சு என்று எனக்குத் தெரிந்தது.

"நீங்க நல்லாத்தான் போட்ருப்பீகன்னு தெரியும்ய்யா. பத்து போடுங்கன்னு நான் வாய் விட்டுக் கேட்டிருக்கணும். அத எப்பிடிக் கேக்கன்னு கூச்சமா இருந்துச்சு."

தங்கை என்ன செய்கிறாள் என்று கேட்டேன். மில்லுக்குப் போகிறாள் என்றாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றும் சொன்னாள். அதற்குள் ஒரு குமாஸ்தா வந்து என்னை ஒதுக்கிக்கொண்டு தாளை நீட்டினார். நகர்ந்துவிட்டேன்.

கோர்ட்டிலிருந்து வீடு வரை நடந்தேன். வாய் விட்டுக் கேட்டிருக்கணும் என்று அவள் சொன்னதுதான் கூடவே வந்தது. என் மனைவி முப்பத்தோரு வருஷம் கரண்டியோடு பக்கத்தில் நின்று, எப்படி இருக்கு என்று கேட்டாள். பரவாயில்லை என்பேன். எங்கள் வீட்டில் அது நல்ல மதிப்பெண். நன்றாக இருக்கிறது என்று சொல்லச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. ஒரே ஒரு தடவை கேட்டாள், மதுரை ஆஸ்பத்திரியில், கடைசி வாரத்தில். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். "உங்ககூட இம்புட்டு வருசம் இருந்திருக்கேன். எனக்கு எம்புட்டுப் போடுவீக?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நானும் சிரித்துக்கொண்டே, உனக்கென்ன, முதல் வகுப்பு என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு ஒரு சுளை வாங்கித் தின்றாள். பாராட்டிவிட்டதாகவே அன்றைக்கு நினைத்திருந்தேன்.

ஆறரைக்கு மகள் கூப்பிட்டாள். புது போனில் அவள் முகம் தெளிவாகத் தெரிகிறது, நெற்றியில் வியர்வை கூடத் தெரிகிறது. ஒவ்வொரு நாளும் கேட்பது போல, போன் எப்படிப்பா இருக்கு என்று கேட்டாள். பத்துக்குப் பத்து என்றேன். அவள் திரைக்குக் கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "உடம்பு எதும் சரியில்லையாப்பா?" என்றாள். அவளும் என்னிடம் ஆறு வாங்கி வளர்ந்தவள்தான்.

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரியில் அவள் அம்மா கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

"அம்மா எங்கிட்டச் சொன்னாப்பா" என்றாள்.

என்ன சொன்னாள் என்று கேட்டேன். மகள் திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"'உங்க அப்பா எனக்கு ஆறு போட்டுட்டாரு. ஏழாச்சும் போடுவாருன்னு நெனச்சேன்'னு சொன்னா."

பத்து என்று நினைக்கவில்லை. எட்டுகூட இல்லை. ஏழு. ஒரு போன் கடைப் பெண்ணுக்கு, சாப்பாட்டில் கை வைத்தபடி, யோசிக்காமல் நான் எடுத்துக் கொடுத்த ஏழு. மகள் அப்பா, அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். படம் நின்றுவிட்டது என்று நினைத்திருப்பாள். படம் நிற்கவில்லை. நான்தான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன்.