மூணு கண்ணுப் பாலத்தில் கேட்ட வெடி

போன வாரம் இருக்கன்குடி மாரியம்மனைப் பார்க்கக் கிளம்பினேன். முதலில் பார்க்கக் கிடைத்தது ஒரு ரயில்வே சுரங்கப்பாதை. முந்தின நாள் பெய்ததை மழை என்று சொன்னால் மழைக்கே வெட்கமாக இருக்கும். தெருப்புழுதியை அடக்கக்கூடப் போதாத தூறல். அதற்கே உள்ளே முட்டளவு தண்ணீர். வானம் பார்த்த பூமி என்று பேர் வாங்கிய எங்கள் மாவட்டத்தில், விழுந்த சொட்டு ஒன்றையும் வீணாக்காமல் தேக்கி வைக்கிற ஒரே கட்டுமானம் இந்தச் சுரங்கப்பாதைதான். கண்மாய் வெட்டியவர்களுக்கு இந்தச் சூட்சுமம் பிடிபடாமல் போய்விட்டது, பாவம். போனில் வழி சொல்கிற அம்மாள் மட்டும் நேராகப் போ, நேராகப் போ என்று விடாப்பிடியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கென்ன, நீந்தத் தெரிந்திருக்கும்.

உள்ளே ஒரு லோடு லாரி பாதியில் நின்றுவிட்டது. எங்கள் டிரைவர் தம்பி கடுப்பில் ஹாரனை ஓங்கி அழுத்தினார். சத்தம் உள்ளே போய்ச் சுவரில் முட்டித் திரும்பி வந்து, மறுபடி ஒரு தடவை போய் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பக்தியில் இல்லை. அந்தத் தொனியை நான் இன்னோர் இடத்தில் கேட்டிருக்கிறேன்.

அதைச் சொல்வதற்கு முன் எங்கள் ஊர் நீர்வளத்தைப் பற்றி நாலு வார்த்தை. இங்கே ஆறுகளுக்கெல்லாம் புராணப் பெயர் உண்டு. அர்ச்சுனன், கௌசிகர் என்று பெரிய இடத்துச் சம்பந்தம். தண்ணீர்தான் கிடையாது. நான் பாவாடை கட்டிய நாளில் வருடம் முழுக்க ஓடியது, சிவகாசியில் அச்சாபீசுகளுக்குப் பின்னால் கிடந்த ஒரு வாய்க்கால் மட்டுமே. மிஷின் கழுவிய மையெல்லாம் அதில்தான் இறங்கும். மஞ்சளாக ஓடினால் முருகன் காலண்டர், நீலமாக ஓடினால் கிருஷ்ணன் காலண்டர் என்று கரையில் நின்றே சொல்லிவிடுவோம். எல்லா நிறமும் கலந்து கன்னங்கரேலென்று ஓடினால் தேர்தல் வருகிறது என்று அர்த்தம்.

அப்புறம் பழைய சுரங்கங்கள். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் பூட்டிக் கிடக்கிற கதவு ஒன்றைக் காட்டி, இதற்குள் இறங்கினால் மதுரையில் ஏறலாம் என்பார்கள். காரியாபட்டிப் பக்கத்து மனிதர் ஒருவர்கூட அப்படி ஒன்று தங்களுக்கும் உண்டு என்று என்னிடம் சத்தியம் செய்தார். பஸ் ஏறிக் கண் அசந்து முழித்தால் மதுரை வந்துவிடுகிற ஊர் அது. ஊருக்கு ஊர் சொன்னது அத்தனையும் உண்மையாக இருந்திருந்தால், மதுரை என்றைக்கோ பொக்கென்று உள்ளே போயிருக்கும்.

பாலத்துக்கு வருகிறேன். சிவகாசிக்கு வெளியே ஒரு காட்டோடையின் மேல் மீட்டர்கேஜ் காலத்துக் கல்பாலம் ஒன்று இருந்தது. மூன்று வளைவுகள். எங்கள் பக்கத்தில் வளைவைக் கண்ணு என்பார்கள். ஆகவே மூணு கண்ணுப் பாலம். அந்தக் கண்களில் தண்ணீர் வந்து யாரும் பார்த்ததில்லை. கட்டியவர்கள் நம்பிக்கை மிகுந்தவர்களாக இருந்திருக்க வேண்டும். சும்மா கிடந்த பாலத்துக்கு எங்கள் பட்டாசுக்காரர்கள் ஒரு வேலை கண்டுபிடித்தார்கள். நடுக்கண்ணுக்குள் வெடி வைத்தால், ஒன்று வெடித்தது ரெண்டு வெடித்த மாதிரிக் கேட்கும். வடக்கேயிருந்து ஆர்டர் கொடுக்க வருகிற சேட்டுகளை, ஊரைச் சுற்றி அத்தனை பொட்டல் கிடக்க, சாம்பிள் காட்ட அங்கேதான் அழைத்துப் போவார்கள். எதற்கு அவ்வளவு தூரம் என்று கேட்டால் பாதுகாப்பு என்பார்கள். ரயில் போகிற பாலத்துக்கு அடியில் வெடி வைப்பதைவிடப் பாதுகாப்பு வேறென்ன இருக்கிறது?

அந்தப் பாலத்துக்கு நான் போய்ச் சேர்ந்தது இந்தியால். பரீட்சை சில தேறி, சீதா தண்ணீர் கொண்டுவருகிறாள் என்கிற அளவுக்குச் சரளமாகப் பேசுவேன். நாரணாபுரத்தில் சின்னதாக ஒரு கம்பெனி வைத்திருந்த முதலாளி, இந்தி தெரிந்த பெண் வேண்டும் என்று சொல்லியனுப்பினார். போனேன். இந்தியில் ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. வெடி காயப்போட்டிருந்த களத்துக்கு அந்தப் பக்கம் நின்ற போர்மேன் மாரியப்பண்ணனைக் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன். என் குரலைப் பற்றி வீட்டில் நல்ல அபிப்பிராயம் கிடையாது. நான் அடுப்படியில் பேசினால் பக்கத்துத் தெருவில் பதில் சொல்வார்கள். முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது.

"நாளையிலருந்து வந்துரு தாயி."

என் இந்திக்குக் கிடைத்த மரியாதை என்று தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தேன்.

முதலாளி எப்போதும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். பட்டாசுக் கம்பெனியில் வெள்ளைச் சட்டை போடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். பாலத்துக்குப் போனால் அவர் வெடிக்கு முதுகைக் காட்டி நிற்பார். அந்தக் காலத்து ஆட்கள் சிலருக்கு அது ஒரு முறை. தன் கையால் செய்த வெடியைத் தானே பார்த்து ரசித்தால் கண்ணு பட்டுவிடுமாம். வெடியைக் கண்ணால் பார்க்கப்படாது, காதால்தான் பார்க்கணும் என்பார். மாரியப்பண்ணன் ஊதுபத்தியால் திரியைப் பற்ற வைத்துவிட்டு ஓடி வருவார். நடுக்கண்ணு அதிரும். புறாக்கள் பறக்கும். முதலாளி மெல்லத் தலையை ஆட்டி, நூலை இன்னும் ஒரு சுற்று இறுக்கணும், மருந்து தூக்கல் என்று ஏதாவது சொல்வார். சேட்டு சொக்கிப்போவார். அந்த முதலாளியின் காதில் தேறிய வெடி என்பதுதான் கம்பெனியின் ஒரே விளம்பரம்.

எங்கள் சேட்டு வயசாளி, நல்ல மனிதர். என் இந்தியைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டு, தமிழிலேயே பேசுங்கம்மா, எனக்குப் புரியும் என்றார். வருடம் தவறாமல் வந்துபோனதில் என் இந்தியைவிட அவர் தமிழ் எவ்வளவோ தேவலை. அப்போது முதலாளி என் பக்கம் குனிந்தார்.

"சேட்டு என்ன சொல்றாக தாயி?"

சேட்டு சொன்னது பச்சைத் தமிழ். அதை நான் மறுபடி தமிழில், தொண்டை கிழியச் சொன்னேன். தமிழைத் தமிழில் மொழிபெயர்த்துச் சம்பளம் வாங்கியவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அன்றைக்கு விளங்கியது, என்னை வேலைக்கு எடுத்தது எதற்கென்று. ஆயுசு முழுக்க வெடி பார்த்த காது பாதிக்கு மேல் அடைத்துப்போயிருந்தது. இந்தி தெரியாது என்ற சாக்கில் அதை அவர் மூடி வைத்திருந்தார். யாருக்கும் வாழ்க்கையில் இந்தி இப்படி உதவியிருக்காது. மாரியப்பண்ணன் அன்று சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வெளிய மூச்சு விட்றாத தாயி. காது கேக்காத ஆளு வெடி போடுறாகன்னு தெரிஞ்சா எவன் ஆர்டர் குடுப்பான்? அந்த நடுக்கண்ணுல மட்டுந்தான் அவுகளுக்கு இன்னும் கேக்குது. அது போதும்."

அன்றைக்கு வீட்டில் நான் மெதுவாகப் பேசினேன். என் தொண்டைக்கு அது புதுசு.

ஒரு சீசனில் சேட்டு குறையோடு வந்தார். இங்கே கேட்ட சத்தத்தில் பாதிகூட எங்கள் ஊரில் வரவில்லை, கடைக்காரர்கள் ஏசுகிறார்கள் என்றார். நான் அதை அப்படியே உரக்கச் சொன்னேன். முதலாளி யோசித்தார். நெஞ்சில் கைவைத்துச் சொல்கிறேன், அவர் முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. தன் வெடிக்கு அதுதான் சத்தம் என்று அவர் நிசமாகவே நம்பியிருந்தார். அவருக்கு வேறு சத்தம் ஏது?

"ஏன், அவுக ஊர்ல பாலம் இல்லையான்னு கேளு தாயி."

சேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிண்டல் என்று எடுத்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: எல்லாக் கம்பெனிக்காரரும் என்னை இங்கேதான் கூட்டி வருகிறார்கள், பாலம் கூட்டித் தருகிற சத்தம் எல்லாருக்கும் ஒன்றுதான், அதிலும் உங்கள் வெடிதான் ஒரு படி மேலே. ஆக, ஏமாற்றுகிறோம் என்று ஊரே நினைத்திருக்க, சேட்டு பாலத்தைத் தராசாக வைத்து எங்கள் எல்லாரையும் நிறுத்திருக்கிறார். ஆர்டரையும் கொடுத்துவிட்டுப் போனார்.

பிறகு பிராட்கேஜ் வந்தது. நாடு முன்னேறும்போது நடுவில் மூணு கண்ணு நிற்கலாமா? கல்பாலத்தை இடித்து, உயரமான தூண்கள் நட்டு, மேலே இரும்பு உத்திரம் போட்டார்கள். அடியில் ஓடை பப்பரப்பா என்று திறந்து கிடந்தது. கல்லெல்லாம் எங்கே போனது என்று கேட்காதீர்கள். அந்தப் பக்கத்தில் சில வீடுகளுக்குத் திடீரென்று நல்ல அஸ்திவாரம் அமைந்தது.

அடுத்த சீசனுக்குச் சேட்டு வந்தபோது, சாம்பிளை ஆபீசுக்குப் பின்னாலேயே பார்த்துவிடலாம் என்று மாரியப்பண்ணன் ஆன மட்டும் சொன்னார். முதலாளி கேட்கவில்லை, இரண்டு விதத்திலும் கேட்கவில்லை. பாலம் இருந்தால் பாலம், இல்லாவிட்டால் அது இருந்த இடம் என்று கிளம்பிவிட்டார். நாங்கள் பின்னாலேயே போனோம். தூண்களுக்கு நடுவில், பழைய நடுக்கண்ணு இருந்த இடத்தில், மாரியப்பண்ணன் பச்சை நூல் சுற்றிய அணுகுண்டை வைத்தார். முதலாளி வழக்கம்போல முதுகைக் காட்டி நின்றார். வெடித்தது. நல்ல வெடிதான். சத்தம் எங்கேயும் முட்டாமல் வெட்டவெளியில் போய்விட்டது.

முதலாளி தலையை ஆட்டத் தயாராக, கண்ணை மூடியபடியே நின்றுகொண்டிருந்தார். புகை எங்களைத் தாண்டிப் போனது. பறக்க அங்கே புறாக்கள்கூட இல்லை. சேட்டு என்னைப் பார்த்தார், மாரியப்பண்ணனைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ரொம்ப நேரம் கழித்து முதலாளி திரும்பாமலே கேட்டார்.

"ஏன் தாயி, திரி அணைஞ்சிருச்சா?"

அவர் வெள்ளைச் சட்டைத் தோளில் பச்சை நூல் துணுக்குகள் உதிர்ந்து கிடந்தன.

பக்கத்துத் தெரு வரைக்கும் எட்டுகிற என் குரல் அன்றைக்குக் கிளம்பவே இல்லை. சேட்டுதான் அவர் அருகே போய், காதோடு வாயை வைத்து, தன் தமிழில் சத்தமாகச் சொன்னார்: "வெடிச்சிருச்சு அண்ணாச்சி. ரொம்ப நல்லா இருந்துச்சு." முதலாளி தோளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு துணுக்கை எடுத்து விரலில் உருட்டினார். பிறகு வண்டியை எடுக்கச் சொன்னார். சேட்டு அந்த வருடம் ஆர்டர் கொடுத்தார், அதற்கு முந்தின வருடத்தைவிடத் தாராளமாகவே கொடுத்தார். அதை முடித்து அனுப்பிவிட்டு முதலாளி கம்பெனியை மூடினார். காதால் பார்க்காத வெடியை எப்படித் தாயி குடுக்கது என்றார். நான் தனியார் பள்ளி ஒன்றில் இந்தி டீச்சராகச் சேர்ந்தேன். அந்தப் பிள்ளைகளுக்குக் காதும் போயிற்று, இந்தியும் வரவில்லை. முதலாளி, தன் மகள் வீட்டோடு போய் இருந்தார். அவர் காலமாகியும் சில வருடம் ஆகிறது. சேட்டு வருவதும் நின்றுபோனது. சத்தத்தை அளக்க இப்போது மிஷின் வந்துவிட்டது. அது முதுகைக் காட்டி நிற்பதில்லை.

சுரங்கப்பாதையில் லாரியை டிராக்டர் கட்டி இழுத்துவிட்டார்கள். எங்கள் வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மெதுவாக உள்ளே நுழைந்தது. நாலு பக்கமும் கான்கிரீட். நடுவில் வந்ததும், இன்னொரு தடவை ஹாரன் அடியுங்கள் தம்பி என்றேன். முன்னால்தான் யாரும் இல்லையேம்மா என்றார் அவர்.

"இல்லதான். சும்மா அடிங்க."

அடித்தார். மூணு கண்ணுப் பாலத்துக்குக் கொஞ்சமும் குறைவில்லாத சத்தம். முதலாளிக்கு நிச்சயம் கேட்டிருக்கும்.