இறக்கத்தில் ஏறிய சார்ஜ்

1. சேந்தமங்கலத்தில் நின்றது

மிளகு மூட்டைகளோடு கார் சேந்தமங்கலத்தில் நின்றுவிட்டது. சார்ஜ் தீர்ந்துவிட்டது. நாமக்கல்லுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். பின் சீட்டில் இருந்தவர் பழனியம்மா. கொல்லிமலை செம்மேட்டில் மிளகு வாங்கி நாமக்கல்லில் விற்பவர். வாராவாரம் எங்கள் சவாரி. மூட்டைகளை வேறு வண்டிக்கு மாற்றிக்கொண்டு போனார்.  

கார் ஓனர் குப்பண்ணன். லாரி ஓட்டி, லாரி வாங்கி, கடைசியில் லாரியை விற்றவர். செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன எலக்ட்ரிக் கார் வாங்கி வாடகைக்கு விட்டார். நான் டிரைவர். நானும் லாரியிலிருந்து வந்தவன்தான்.

"பெட்ரோல் வண்டின்னா பங்க்ல ஊத்திட்டு வந்திருப்பே. இதுக்கு எங்க போயி ஊத்தறது? இன்னொருக்கா நின்னா புரோக்கருகிட்டத் தள்ளி உட்டர்றேன்" என்றார் ஓனர் அன்று சாயந்திரம்.

கார் போனால் எனக்கும் வேலை போச்சு. 

2. ஓனர் வைத்த சட்டம்

டவுனுக்குள் அந்தக் காரைக் குறை சொல்ல முடியாது. ராத்திரி ஓனர் வீட்டுப் பிளக்கில் மாட்டினால் காலையில் நிறைந்திருக்கும். இன்ஜின் ஆயில் மாற்ற வேண்டாம். கிளட்ச் பிளேட் கிடையாது. தினமும் சவாரி இருந்தால் பெட்ரோல் காரைவிடச் செலவு குறைவு. சும்மா நிறுத்தி வைத்தால் அந்த லாபம் இல்லை. விலை குறைந்த வண்டி, அதனால் பேட்டரியும் சின்னது. சிக்கல் மலை ஒன்றுதான்.

மலை இறங்க ஓனர் ஒரு சட்டம் வைத்திருந்தார். அடிவாரம் காரவள்ளி வரை கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் உருட்ட வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க லாரிக்காரர்கள் செய்வது. ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் செய்தோம். காரையும் அப்படியே உருட்டினேன். காரவள்ளி வரும்போது பிரேக் தீய்ந்த வாடை அடிக்கும்.

3. பழனியம்மா மூக்கு

அடுத்த வாரமும் பழனியம்மா கூப்பிட்டார். ஓனரும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். வழியில் நின்றால் அங்கேயே புரோக்கரை வரச் சொல்லிவிடுவதாகப் பேச்சு.

செம்மேட்டில் மூட்டை ஏற்றிக் கிளம்பினோம். இறக்கம் வந்தது. நியூட்ரலுக்கு என் கை போனது.

"சாமி, அதத் தொடாதீங்க" என்றார் பழனியம்மா. "நீங்க உருட்டறப்ப பிரேக்கு தீயற நாத்தம் எனக்குத் தாங்கல."

"கியர்ல எறக்குனா சார்ஜ் தீந்துருமுங்க" என்றார் ஓனர்.

"போன வாரம் உருட்டிக்கிட்டுத்தானுங்க வந்தீங்க. தீரலீங்களா?"

ஓனர், சரி விடு என்று என்னிடம் கையை அசைத்தார்.

கியரிலேயே விட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். கார் தானாகவே இழுத்துப் பிடித்தது. கொண்டை ஊசி வளைவில் மட்டும் பிரேக்கைத் தொட்டேன். பாதி மலையில் டிஸ்பிளேயைப் பார்த்தேன். சார்ஜ் கூடியிருந்தது.  ஓனரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். காரவள்ளியில் இன்னும் கூடியிருந்தது. பிரேக் வாடை இல்லை.

"எறங்கறப்ப டேங்கு ரொம்பற வண்டிய இப்பத்தான் பாக்கறேன்" என்றார் ஓனர். "மூட்டை கனத்துக்கும் சேத்து ரொம்புதாட்ட இருக்குது."

"அப்ப அடுத்த வாரம் இன்னும் ரெண்டு மூட்டை போட்டுக்கறனுங்க. வாடகையில கொறச்சுக்கோங்க."

விஷயம் இவ்வளவுதான். இறக்கத்தில் சக்கரம் மோட்டாரைச் சுற்றுகிறது. மோட்டார் பேட்டரிக்குக் கரண்ட் அனுப்புகிறது. நியூட்ரல் போட்டால் அது நடக்காது. இறங்கும் வேகம் அத்தனையும் பிரேக்கில் சூடாகிப் போய்விடும். நாங்கள் மிச்சம் பிடிப்பதாக நினைத்து, கிடைக்க வேண்டிய சார்ஜைக் கொட்டிக்கொண்டு வந்திருக்கிறோம்.

சேந்தமங்கலத்தில் போன வாரம் நின்ற இடத்தையும் தாண்டினோம். நாமக்கல் வந்தபோது சார்ஜ் மீதி இருந்தது. மூட்டை இறக்குவதற்குள் ஓனர் புரோக்கருக்குப் போன் போட்டார். "வர வேண்டாமுங்க" என்று மட்டும் சொன்னார்.

விலை குறைந்த எலக்ட்ரிக் கார் பெட்ரோல் காருக்கு ஈடாக நிற்குமா என்று புதிதாக வரும் டிரைவர்கள் கேட்கிறார்கள். நிற்கும். பெட்ரோல் கார் மாதிரி ஓட்டினால் நடுவழியில் நிற்கும்.

ஓனர் இப்போதும் சில வாரம் மலைக்குக் கூட வருவார். முதல் வளைவு வந்ததும் கியர் பக்கம் இருக்கும் வலது கை நியூட்ரலுக்குப் போய்விடாமல் அதைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார்.