பால் காய்ச்சாத அறை

பாறசாலை ரயில் நிலையத்தில் வருடக்கணக்காகப் படுத்துக்கிடந்தவளுக்கு, நான் தையல் சொல்லிக்கொடுத்த ஆதரவற்ற பெண்கள் இல்லத்தில் தனியறை கொடுத்தார்கள். ஒட்ட வெட்டிய நரைமுடி; இடுப்பில் எப்போதும் அறைச் சாவி. ஆனால் அறைக்கு வெளியேதான் படுப்பாள்.

"பால் காய்ச்சாத்த வீட்டில எப்பிடி கெடக்கியது?" என்றாள் வார்டனிடம்.

"இது உனக்க வீடில்ல, எங்களுக்க இல்லமாக்கும். உள்ள தீ பத்த வைக்கப்பிடாது."

"ஸ்டேஷன்லயும் இதத்தான் சொன்னாவ மேடம்."

இல்லத்தின் திறப்பு விழாவில் பிரமுகர்கள் குத்துவிளக்கு ஏற்றியபோது அந்த விதி எங்கே போயிருந்தது?

மறுநாள் அறைக்குள் மூன்று செங்கல் வைத்துப் பாலைப் பொங்கவிட்டாள். ஓடிவந்து கத்திய வார்டனின் கையில் முதல் டம்ளரைக் கொடுத்தாள்.

"எனக்க வீட்டுக்கு வந்திருக்கிய. குடிச்சிட்டு ஏசுங்க."

அவளுக்கு எங்கிருந்து வந்தது அந்தப் பொறுமை? எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.