பாக்கியம் ஆன்ட்டி வீட்டுக் காற்றாடி

ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, காலை மணி 7.40. கைப்பேசியில் பாக்கியம் ஆன்ட்டி மகள் கவிதாவின் நான்கு அழைப்புகள், ஐந்தாவதை எடுத்தேன். "அம்மா போயிட்டாங்க, தினேஷ். தூக்கத்துலயே." பாக்கியம் ஆன்ட்டி நோயில் படுக்கவில்லை, யாரையும் படுத்தவுமில்லை. என்னைத் தவிர.

நான் வயர்மேன். கெர்லிங் ஊரில் அவருக்குப் பக்கத்து வீடு. அவர் கூடத்துக் காற்றாடி சுவிட்சைத் தட்டினால் உறுமும், சுற்றாது. துணி காயப்போடும் மூங்கில் கம்பால் இறக்கையை ஒரு தள்ளு தள்ளினால் ஓடும். இதற்கு ஒரே அர்த்தம்தான்: மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போய்விட்டது. கால் மணி நேர வேலை. சொன்னால் கேட்க மாட்டார்.

"ஓடுதுல்ல? ஓடுற மாட்டுக்கு எதுக்குடா வைத்தியம்?"

"தள்ளினாத்தான் ஓடுது ஆன்ட்டி."

"நீயும் உங்கம்மா தள்ளினாத்தான் எந்திரிக்கிற. உன்னை மாத்திட்டாங்களா?"

கவிதாவைப் பெண் கேட்டு உலு யாம் ஊரிலிருந்து பையன் வீட்டார் வந்த நாளை, இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். கவிதாவும் பையனும் விரும்பியவர்கள். பையனின் அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. "வீட்டைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றிருந்தார். நல்ல வெயில், கூடம் நிறைய ஆள். மின்சாரம் போய்த் திரும்பியது. காற்றாடி மட்டும் திரும்பவில்லை, உறுமியது. வந்தவர்கள் முன்னால் கம்போடு நிற்கக் கூச்சப்பட்டு ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டார்.

ஏணியோடு போனேன். "எத்தனை தடவை சொன்னேன்? கம்பால தள்ளியே ஓட்டினா இப்படித்தான்லா!" என்றேன், அத்தனை பேர் முன்னாலும். கவிதா என்னைப் பார்த்த பார்வையில் ஃபியூஸே போயிருக்கும்.

பையனின் அம்மா நிமிர்ந்தார். "எந்தக் கம்பு?"

ஆன்ட்டி அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து நீட்டினார். "இதுதான் சம்பந்தி." பேச்சு முடியுமுன்பே சம்பந்தி!

அந்த அம்மா கம்பை வாங்கி நீளம் பார்த்தார். "இது தேவலை. எங்க வீட்டுல நான் குடையால தள்ளுறேன், எட்ட மாட்டேங்குது." எழுந்து அவரே தள்ளினார். காற்றாடி ஓடியது. சிரிப்பு அடங்கவே நேரமானது. "சரி, தேதி பார்க்கலாம்" என்றார்.

பையில் புதுக் கெப்பாசிட்டர் வைத்திருந்தேன். ஆன்ட்டி போட விடவில்லை. "ராசியான காத்தாடிடா, கைய வைக்காத. கேசரி ஆறுது, உட்காரு." பிறகு சம்பந்தியிடம் என்னைக் காட்டினார்: "இவன் பேச்சு மிளகாய்ச் சம்பால் மாதிரி காரம். தண்ணி குடிச்சா சரியாயிடும்."

என் வாயைப் பற்றி ஊரில் யாரும் அவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை. அதை நான் வைத்துக்கொள்கிறேன். இனிச் செய்யப்போவது:

1. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூட்டம் வரும். அதற்கு முந்தின நாளே போய்க் கெப்பாசிட்டரை மாற்றுவேன். தடுக்க ஆளில்லை.

2. அப்போது கவிதா அழுதால் ஏணியிலிருந்து இறங்கிவிடுவேன். வேலை காத்திருக்கட்டும்.

3. உலு யாமுக்குப் போய் அவள் மாமியார் வீட்டுக் காற்றாடியையும் பார்ப்பேன். அந்த அம்மா சண்டைக்கு வருவார். வரட்டும்; ஆன்ட்டிக்குப் பிறகு எனக்கு அந்தச் சண்டை வேண்டும்.